கோழி வழக்கும் லண்டன் இன்ஸ்பெக்டரும்

அன்புள்ள சுபா,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். கோலா பிலா பக்கத்தில் இருக்கும் இந்த மலேசியச் செம்பனைத் தோட்டத்தில் சிக்னல் சரியில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ கொடுத்தனுப்பிய லண்டன் இன்ஸ்பெக்டர் நாவல்களை எல்லாம் படித்துவிட்டேன்.

போன வாரம் கேன்டீன் விமலாக்காவின் கோழிகள் காணாமல் போயின. புதிதாக வந்த நேப்பாளத் தொழிலாளி மேல் பழி விழுந்தது. "தம்பி, நீங்கதானே எந்நேரமும் போலீஸ் கதை படிக்கிறீங்க? கண்டுபிடிங்க லா!" என்றார் அக்கா. நம் இன்ஸ்பெக்டரைப் போலவே வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எல்லோரும் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள். கடைசியில் கூண்டுக்குப் பின்னால் இருந்த கால்வாயில், வயிறு புடைத்த மலைப்பாம்பு கிடந்தது. பயப்படாதே, நான் தூரத்தில்தான் நின்றேன். "மன்னிச்சுக்கப்பா" என்று அக்கா அந்த நேப்பாளிக்குச் சோறு போட்டார்.

வழக்கு முடிந்த பிறகு யாரும் என்னை டீ குடிக்கக் கூப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் வரிசையில் அடுத்த புத்தகத்தை அனுப்பு. முதலில் நீ படி. யார் மேல் உனக்குச் சந்தேகம் என்று பக்க ஓரங்களில் எழுதி வை. படிக்கும்போது நீ பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

தபாலை எடுத்துப்போகும் டவுன் லாரி ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் ரகுநாத்