மச்சானின் மரவாளை மாற்றியது யார்?

என் உயிர் மச்சானுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை காந்தி மார்க்கெட்டில் நம்மோடு வாள்பயிற்சிக்கு வந்த தர்மலிங்கம் கடைக்குள் புகுந்து, வெங்காய மூட்டைக்குப் பின்னால் அவன் சாத்தி வைத்திருந்த பயிற்சி மரவாளை எடுத்து மோந்து பார்த்தேன். கையும் வாளுமாகப் பிடித்துவிட்டான்.

"என்னண்ணே, வெங்காயம் அழுகியிருக்கான்னு பாக்கிறீங்களா?"

"இல்லப்பா, இது யார் வீட்டு எண்ணெய்ன்னு பாத்தேன்."

அவன் நம்பவில்லை. நானும் அவனை நம்பவில்லை.

நீ கண்மூடிய பிறகு உன் மரவாள் என் பொறுப்பில்தானே இருக்கிறது? நீ சொன்னபடிதான் செய்கிறேன். வேர்வையை உலர்ந்த துணியால் துடைக்கிறேன், தண்ணீர் காட்டுவதில்லை, வெயிலில் வைப்பதில்லை. மாதம் ஒருமுறை லின்சீட் எண்ணெயை, அதான் அந்த ஆளிவிதை எண்ணெயை, துணியில் தொட்டுத் தடவுகிறேன். என் தலைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக எண்ணெய் வைத்ததில்லை.

அப்பா கைபட்ட வாள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று லால்குடியிலிருந்து உன் மகள் மலர் போன் பண்ணியிருந்தாள். ஆயுத பூஜை முடிந்து எடுத்துத் தடவிப் பார்க்கிறேன். பொன்மலை மைதானத்தில் நீயும் நானும் பத்து வருஷம் மோதியதில் வாளில் விழுந்த பள்ளங்களில் ஒன்றுகூட இல்லை. புது மாப்பிள்ளை கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. லின்சீட் வாடையும் இல்லை, சந்தனம்தான் மணக்கிறது.

இது உன் வாள்தானா? அதன்மேல் தர்மலிங்கத்துக்கு ஒரு கண் இருந்தது உனக்கே தெரியும். பூஜையன்று பொரி வாங்க வந்தவன் எதற்கு இரண்டு தரம் வந்தான்?

அவன் வாளில் வெங்காய வாடைதான் வந்தது. வீட்டுக்கு வந்து உன் தங்கை வசந்தாவிடம் புலம்பினேன். பூரி உருட்டுவதைக்கூட அவள் நிறுத்தவில்லை.

"நான்தாங்க உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். செராய் செராயா எழும்பி நிக்குது, அதுல எப்படிச் சந்தனம் வைக்கிறது? விரல்ல ஏறாதா?"

"அதெல்லாம் நானும் உங்க அண்ணனும் போட்ட அடிடி."

"அடிதான் உங்க முழங்கால்ல இருக்குல்ல. அது போதும்."

சிராயை எடுக்கச் சொல்லியிருந்தவன் நீதான். மனசு வராமல் விட்டுவைத்தவன் நான். மலர் கையில் ஏறியிருந்தால்?

அப்போதும் எனக்குச் சந்தேகம். எந்த வாளைத் தேய்த்தாளோ? வசந்தா எழுந்து வந்து, கைப்பிடியில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துக் காட்டினாள். உன் உள்ளங்கைக் கறுப்பு அப்படியே இருந்தது. "இங்க மட்டும் தேய்க்கல. அண்ணன் கை" என்றாள்.

இன்று மலர் வந்தாள். இரண்டு கையாலும் வாங்கி, கைப்பிடியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் போடும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் அவள் மாமியார் முகத்தை நினைத்தால் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர் மாதிரித்தான் தெரிகிறது. மாதாமாதம் நானே லால்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், மச்சான். இது சத்தியம்.

"ஒரு தடவ வீசிப் பாக்கட்டுமா மாமா?" என்றாள். கூடத்தில் நின்று ஒரே ஒரு வீச்சு வீசினாள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இப்போது மணி நாலு பத்து. நாளைக்கும் நாலு பத்துதான்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
முருகேசன்