கால் இல்லாத எறும்புத்தின்னி

தம்பி,

உன் மகள் காலையில் கண்ணமங்கலத்திலிருந்து வந்தாள். பாலிஷுக்குக் கொடுத்திருந்த அவளுடைய கல்யாணப் பட்டுச் சேலையை நேற்றே வாங்கி வைத்திருந்தேன். பிரித்ததும் கஞ்சியும் பட்டும் கலந்த அந்தச் சூட்டு வாசனை கூடமெல்லாம் பரவியது. "என் மீனு சேலை" என்று மடியில் போட்டுக்கொண்டாள். உனக்கு எழுதத் தோன்றியது அப்போதுதான்.

லைபீரியாவில் மர மில்லில் மெக்கானிக்காக இருந்த காலம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ காட்டைத்தான் சொல்வாய். சிம்பன்சி கல்லை எடுத்துக் கொட்டை உடைக்கும். பன்றி உயரமே உள்ள நீர்யானை ஓடைக்கரையில் தனியாகப் போகும். வீட்டின் வாரச் செலவுக் கணக்கை எழுதியபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். என்ன தின்னும், எத்தனை குட்டி போடும் என்பேன். "இன்னாக்கா, வாங்கி வளர்க்கப் போறியா?" என்பாய்.

ஒரு நாள் மட்டும் குரல் வேறாக இருந்தது. சாலையோரம் ஒரு எறும்புத்தின்னியைக் கயிற்றில் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்களாம். உடம்பெல்லாம் செதிலாக, பந்துபோலச் சுருண்டு கிடந்ததாம். வாங்கிப் போய்க் காட்டில் விட்டாயாம்.

"நான் தள்ளிப் போய் மரத்துக்குப் பின்னால நின்னப்புறம்தான்க்கா சுருளு பிரிஞ்சிச்சு. வயித்தோட ஒரு குட்டிய அணைச்சிகினு இருந்திச்சு. அத வாலு மேல ஏத்திகினு போயிடுச்சு."

தாயில்லாத உன் பெண் அப்போது என் வீட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நீ ஆசைப்பட்டது ஒன்றுதான். கல்யாணப் பட்டின் முந்தியில் அந்த எறும்புத்தின்னி இருக்க வேண்டும், வாலில் குட்டியோடு. நீ அனுப்பிய படத்தைச் சேவூர் தறிக்காரரிடம் காட்டினேன். சேலை வந்தபோது நீயும் ஊருக்கு வந்துவிட்டாய். விரித்துப் பார்த்தோம். பெரிய மீன் ஒன்று, அதன் பின்னால் சின்ன மீன் ஒன்று.

"கால் முளைச்ச மீனு முகூர்த்தப் பட்டுக்கு ஆகாதுங்க. அதான் கால எடுத்துட்டேன். குட்டியையும் எறக்கித் தண்ணியில உட்டுட்டேன்" என்றார் தறிக்காரர், நல்ல காரியம் செய்தவராக.

மறுபடி நெய்ய நாள் இல்லை. சம்பந்தியம்மா முந்தியைத் தடவிப் பார்த்து, "சோடி மீனு, லட்சணமா கீதுங்க" என்றார். நான் உன்னைப் பார்த்தேன்.

"ஆமாங்க, மீனுதான்" என்றாய்.

மகளிடமும் சொல்லவில்லை. "எதுக்குக்கா, கட்டிக்கப் போறவ சந்தோஷமா கட்டிகினு போவட்டும்" என்று என் வாயையும் அடைத்தாய். அடுத்த வருஷமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று சொல்லிவிட்டேன். காடு, கயிறு, மரத்துக்குப் பின்னால் நீ நின்றது, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. முந்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கால் எங்க இருக்கணும் அத்தே?"

நான்கு இடங்களில் தொட்டுக் காட்டினேன்.

"குட்டி?"

வாலைக் காட்டினேன். சின்ன மீனின் மேல் விரலை வைத்து, பெரியதன் வால்வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். அங்கேயே விரலை வைத்திருந்தாள்.

சாயங்காலம் விளக்கேற்றி, நம் வீட்டார் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்ளும்போது, கடைசியில் அந்தத் தாயையும் குட்டியையும் சேர்த்துக்கொள்கிறேன். அவற்றுக்குப் பெயர் இல்லை. 'தம்பி விட்டது' என்று சொல்கிறேன்.