ஓசோன் பெட்டியும் தலைமாட்டு ஜன்னலும்

8-7-74, திங்கள்

நாலாவது நாளாக மழை. வார்டுச் சுவரில் பூஞ்சை, துடைக்கத் துடைக்க வருகிறது. பத்து மணிக்கு ஜீப்பில் பெட்டி வந்தது. ஓசோன் மெஷின். எஸ்டேட் மானேஜர் துரை ஏதோ கண்காட்சியில் பார்த்து வாங்கினாராம். காற்றில் கிருமியைக் கொல்லும், தண்ணீருக்குள் விட்டால் தண்ணீர் சுத்தம், கட்டில் மேஜை எல்லாம் சுத்தம் என்றார். கூடவே நாலு பக்க இங்கிலீஷ் காகிதம். படித்தால் புரியுமா கம்பவுண்டர் என்று கேட்டார். எல்லோர் முன்னாலும்.

பதினாறு வருஷமாக இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியை ஓட்டுகிறவன் நான். டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுப் போகிறவர், அவ்வளவுதான். புரியும் சார் என்றேன்.

முதல் பக்கம் படித்தாயிற்று. பிளக், ஸ்விட்ச், அறையை மூடி ஒரு மணி நேரம் ஓட்டவும். மீதி மூன்று பக்கம் பிறகு. காகிதம் மருந்து அலமாரியில், மேல் தட்டு.

9-7, செவ்வாய்

மெஷின் ஓட்டம் ஆரம்பம். காலை ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம். பெரிய இடி விழுந்த பிறகு வருமே ஒரு வாசனை, அது. பூஞ்சை நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆயா செல்லக்கனியின் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். பிள்ளை பெற்றவளைக் கதவு ஜன்னல் சாத்தி உட்கார வைத்துப் புகை போடுவது தொழிலாளர் லயத்துப் பழக்கம். வார்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. ஆளைப் புகைக்குள் அடைப்பது மடத்தனம் என்று எத்தனை தரம் சொல்வது? இன்று நோயாளிகள் நாலு பேர் முன்னாலும் சொன்னேன், இனி இந்தக் கூத்தெல்லாம் கிடையாது, விஞ்ஞானம் வந்தாயிற்று. ஆயாவுக்கு முகம் சுண்டிப்போனது.

பிறகு நானே எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஸ்விட்சைப் போட்டுவிட்டு மருந்தறைக்கு வந்து டீ.

10-7, புதன்

மழை. மூன்றாம் கட்டில் பேச்சியம்மாள். கொழுந்து எடுக்கிறவள், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளை. இழுப்பு. காலையில் கங்காணி வந்து கட்டிலருகே நின்று சொல்லிவிட்டுப் போனான்: அடுத்த வாரம் வியாழனுக்குள் வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டு. பேர் போனால் லயத்து வீடும் போகும். அவள் என்னைப் பார்த்தாள். சரியாகிவிடும் என்றேன். நிஜமாகவே அவள் பிழைத்துப்போக வேண்டும் என்றுதான் மெஷினை இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டேன்.

"நெஞ்ச அடைக்குதுய்யா, சன்னலத் தொறந்து விடுங்க" என்றாள். கிருமி சாகிறபோது அப்படித்தான் இருக்கும் என்றேன். செல்லக்கனியும் ஒத்து ஊதினாள், தொண்டை எரிகிறதாம். சட்டியைப் பிடுங்கிய கோபம். என்னைக் கேட்காமல் ஜன்னல் மேல் கை வைக்கக் கூடாது என்று அதட்டினேன்.

ரிஜிஸ்டரில்: கட்டில் 3, ஒத்துழைப்பு இல்லை.

11-7, வியாழன்

ஸ்டோர் கிளார்க்குக்கு மெமோ எழுத வேண்டியவை:
ரப்பர் பேண்ட், ஒரு கட்டு, தொட்டால் அறுகிறது.
ஸ்டெத் குழாய், வெடிப்பு.
வெந்நீர்ப் பை, ஒழுகல்.
எல்லாம் மட்ட சரக்கு. வாங்குகிறவனுக்கு யார் மேல் அக்கறை?

பேச்சியம்மாளுக்கு இழுப்பு அதிகம். ஊசி போட்டேன். மெஷின் மூன்று தடவை. மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போகிறோம் என்கிறார்கள். நல்லது செய்தால் இதுதான் மரியாதை.

12-7, வெள்ளி

டாக்டர் வந்தார். வாசலிலேயே மூக்கைச் சுளித்து இருமினார். உள்ளே ஆள் இருக்கும்போதா ஓட்டுகிறாய் என்றார். காகிதத்தைக் கேட்டு வாங்கி மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். ஆள் இல்லாத அறையில் மட்டும். ஓட்டி முடித்து ஜன்னல் திறந்து ஒரு மணி நேரம் கழித்தே உள்ளே போகலாம். நுரையீரலுக்குக் கெடுதல், இழுப்புக்காரருக்கு ஆபத்து. கடைசி வரி: ரப்பர் கெடும்.

பேச்சியம்மாளின் உதடு நீலமாக இருந்தது. கட்டிலோடு வராந்தாவுக்குத் தூக்கினோம். டாக்டர் இரண்டு ஊசி போட்டார். மதியத்துக்குப் பிறகு மூச்சு சமனப்பட்டது. பிழைத்துவிட்டாள்.

அதற்குள் துரை வந்துவிட்டார். யார் பொறுப்பு என்றார். "நோயாளிகளை வெளியே கொண்டுபோகச் சொல்லி ஆயாவிடம் சொல்லியிருந்தேன் சார்." யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. செல்லக்கனி கையில் பெட்பேனோடு நின்று என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசியிருக்கலாம்.

13-7, சனி

ஆயாவின் பேர் வெட்டு. துரை இங்கிலீஷில் சொன்னார், தமிழில் எழுதியது நான். கையெழுத்து நன்றாக வந்திருந்தது. சீ.

அவள் என்னைவிட முன்னால் வேலைக்கு வந்தவள். மகள் வீடு மலைக்குக் கீழே, கம்பம் ஊரில். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், அந்தச் சாம்பிராணிச் சட்டி. ஏலப்பாறை போகிற ஜீப் வருகிறவரை வராந்தாவில் நின்றாள். போகும்போது, "நீங்க சொன்னபடிதாய்யா எல்லாம் செஞ்சேன், ஒண்ணத் தவுர" என்றாள். அந்த ஒன்று என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

16-7, செவ்வாய்

வெயில், கொஞ்சம். காகிதத்தின் நாலு பக்கத்தையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நோயாளிகளை வராந்தாவுக்கு மாற்றி, ஓட்டி, திறந்துவிட்டு, பிறகு உள்ளே. பூஞ்சை இல்லை, நாற்றம் இல்லை. துரை பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். நல்ல மெஷின்தான். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.



20-7, சனி

மாலை. வேலை விட்டு நேராகப் பேச்சியம்மாள் வந்தாள். வியாழனன்றே வேலைக்குப் போய்விட்டாளாம், பேரும் வீடும் தப்பியது. தலையில் இன்னும் கொழுந்துக் கூடையின் பட்டை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். செல்லக்கனிக்கு. எனக்கல்ல.

அவள் போய்விட்டாள் என்றேன். பேச்சியம்மாள் பழச் சீப்பை மேஜை மேல் வைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் ஆயா என் தலமாட்டு சன்னலத் தொறந்து விட்ரும்யா. ஒங்க செருப்புச் சத்தம் கேட்டா சாத்திரும். அன்னாடம் அப்படித்தான் எனக்கு உசிர் நின்னது. ஒங்க பேச்சக் கேக்காமத் தொறந்ததுக்கா அனுப்பிட்டீக?"

ஆமாம் என்றேன்.