மாப்பிள்ளைக்கு ஒரு டிரைவர்

பொன்னேரி, 1976

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

செண்பகத்தைக் குவைத்துக்கு அழைக்க விசா கிடைக்கவில்லை என்று எழுதினீர்கள். அங்கே உங்களுக்கு இன்னொரு மனைவி இருப்பது போன வாரம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எட்டாவதில் இரண்டு முறை கோட்டடித்து, கும்மிடிப்பூண்டியில் லாரி ஓட்டும் எனக்கே விசா கிடைத்துவிட்டது. விசிட் விசாவில் வந்தால் விருந்து போட்டுச் சீக்கிரம் அனுப்பிவிடுவீர்கள். அதனால் டிரைவர் வேலைக்கான விசாவே எடுத்தேன். இங்கே வாங்கிய இன்டர்நேஷனல் பர்மிட் நெடுநாள் செல்லாதாம். பரவாயில்லை, அங்கேயே லைசென்ஸ் எடுத்துக்கொள்வேன்.

“இன்னா நைனா, அவர அடிக்கப் போறியா?” என்றாள் உங்கள் மனைவி செண்பகம்.

“மாப்ள மேல யாராச்சும் கை வப்பாங்களா? அவருக்கு வண்டி ஓட்டப் போறேம்மா.”

உங்கள் கம்பெனியில்தான் வேலை. தினமும் காலையில் உங்களை ஏற்றிக்கொள்ள வாசலில் வந்து ஹாரன் அடிப்பேன். அந்தப் பெண் கதவைத் திறந்தால், நான் யாரென்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்