மேட்டுத் தெருத் தண்ணீர்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பாவும் நானும் நலம். அவர் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், அதனால் இந்த முறை அந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் எழுத முடிகிறது. நீயும் நலமாக இருக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டு உன் ஊர்ச் சமதரைக்கு வந்துவிடுங்கள் என்று போனில் அழுதாய், வண்டி வாசல்வரை வரும், படியேற வேண்டாம், எல்லாம் உண்மைதான், ஆனால் அப்பா விழுந்த அன்று நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

படிப்படியாகச் சரியும் நம் தெருவில் மேல்வீட்டுத் தொட்டி நிறைந்தால்தான் நமக்கு, நமக்கு நிறைந்தால்தான் கீழே இஸ்திரிக்காரருக்கு. வால்வைத் திறப்பவர் தண்ணீர் வருகிறது என்று கரண்டியால் குழாயைத் தட்டுவதும் கீழே இருப்பவர் பதிலுக்குத் தட்டுவதும் உனக்குத் தெரியும். உன் அப்பாவைக் கல்யாணம் செய்து வந்த புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். மேல்வீட்டுத் தையல்கார அக்காவும் அப்பாவும் துணிக்கொடிச் சண்டையில் முகம் பார்த்துப் பேசியே பல மாதமாகிறது, குழாய்ப் பேச்சு மட்டும் நிற்கவில்லை, எந்தக் கோபத்திலும் தண்ணீர் மேலிருந்துதானே வந்தாக வேண்டும். ஆற்றங்கரையில் ஏன் அரசுகள் எழுந்தன, மலைக்கு மலை ஏன் பேச்சு மாறியது என்றெல்லாம் தேடித்தேடிப் படித்தவள் நான், நம் தெருச் சரிவு நம்மை என்ன செய்து வைத்திருக்கிறது என்று யோசித்ததில்லை.

அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். அக்கா தட்டியிருக்கிறார், பதில் இல்லை, மறுபடி தட்டியும் இல்லை. “வீம்பு பிடிச்ச மனுஷன்தான், ஆனா குழாய்க்குப் பதில் சொல்லாம இருக்க மாட்டாரே” என்று தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தாராம். தொட்டியடியில் வழுக்கி விழுந்து கிடந்தவரை நாற்காலியில் வைத்து அவரும் இஸ்திரிக்காரரும் தூக்க, படி இறங்க இறங்க வாசலுக்கு வாசல் ஒரு கை வந்து சேர்ந்ததாம். அந்த வலியிலும் அப்பா, “கொடியை நகத்திடறேம்மா” என்றாராம், அக்கா, “முதல்ல காலை நகத்துங்கண்ணே, பாப்போம்” என்றாராம். நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்குகிறது.

ஆகவே விற்க வேண்டாம் என்று முடிவு செய்தோம், படி வழுக்கும் மழை மாதங்களில் மட்டும் உன்னோடு வந்து இருக்கிறோம், கோபிக்காதே. அங்கே வீட்டுக்கு வீடு தனிக்குழாய் என்று பெருமையாகச் சொன்னாய், எனக்கு அதுதான் கவலை. போன மாதம் காய்ச்சலில் நீ தனியாகக் கிடந்தது யாருக்குத் தெரிந்தது? எதிர்வீட்டுக் கதவை நீயே போய்த் தட்டு, ஒரு சாவியும் கொடுத்து வை, மறக்காதே.

எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. இதோ மேலே தட்டுகிறார்கள், நான் எழுவதற்குள் அப்பா ஊன்றுகோலாலேயே பதில் தட்டிவிட்டார்.

உன் சித்தி