தம்பிக்கு இல்லாத நொதி

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்பு மகள் அனுசியாவுக்கு அம்மா எழுதுவது, ஆண்டாள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இரு. பக்கத்துக் கடை சேக் முகைதீன் பெங்களூரு வருவதால் பால்கோவா கொடுத்து அனுப்புகிறேன், வைத்திருக்காமல் தின்றுவிடு. தம்பி விக்னேஷ்வரனுக்கு வயிறு இன்னும் வற்றவில்லை, சட்டைப் பொத்தான் எட்டவில்லை, தொப்பைப் போலீஸ் ஆகப்போறேன் என்று அவனே சிரிக்கிறான். நல்ல சேதி, நாகஜோதிக்குப் பரீட்சை முடிந்ததும் ராஜபாளையம் சிவபாண்டி மாமாவோடு நிச்சயம், என் கூடப்பிறந்தவனுக்கே கொடுப்பதால் சொந்தம் விட்டுப்போகாது. அவளும் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாள், நீ லீவு சொல்லி வை.

அக்கா, முன்பக்கம் முழுக்க அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன், இந்தப் பக்கம் நாகஜோதி நானே எழுதுகிறேன், எல்லோரும் தூங்குகிறார்கள். சம்மதித்துவிட்டாள் என்பது பொய், அதையும் என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. வேண்டாம் என்றதற்கு அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார், பள்ளிக்கும் மாமாதான் பைக்கில் கொண்டுபோய்க் கூட்டிவருகிறார். மதுரை டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், ஒரு கொழுப்பை வெட்டும் நொதி தம்பி உடம்பில் இல்லை, அது அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்த குறை. நீ ஆராய்ச்சி செய்வதும் அப்படிப்பட்ட நொதியைத்தானே, வெட்டின துண்டுதான் செல்லுக்கு வளர், நில் என்று சேதி சொல்லும், வெட்டாவிட்டால் கொழுப்பும் அடைந்துகொள்ளும், சேதியும் கெட்டுவிடும் என்றாயே. அப்பாவே அம்மாவுக்குத் தாய்மாமன். அந்தக் குறை என்னிடமும் மாமாவிடமும் மறைந்திருந்தால் என் பிள்ளைக்கும் இதே வயிறு வரலாம். இதைச் சொன்னதற்கு அப்பா, "நாலு எழுத்து படிச்சதும் நம்ம ரத்தத்தையே குத்தம் சொல்லுதியா ஏட்டி" என்றார். தம்பி வயிற்றுக்குக் காரணம் கண்திருஷ்டி என்றுதான் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். பைக்கில் பின்னால் உட்காரும்போது தினமும் வாய் வரைக்கும் வருகிறது, அப்பா காதுக்குப் போனால் பள்ளியை நிறுத்திவிடுவார் என்று விழுங்கிவிடுகிறேன். நீ மாமாவுக்கு நேரே போன் போட்டு டாக்டர் சொன்னது அம்புட்டையும் சொல், நான் படிக்க வேண்டும் என்பதையும் சொல். மறக்காதே, பதில் வீட்டுக்கு எழுதாதே.

எப்போதும் உறையை ஒட்டிய பிறகுதான் அம்மா என் பக்கத்திலிருந்து எழுந்திருப்பாள். இன்று பசையை என் பக்கம் நகர்த்தி வைத்து, "பின்பக்கம் வெறுமையாத்தான கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அதனால் எப்போதும் கடைசியில் அவள் சொல்லும் ஆசியை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன், குறையில்லாமல் நல்லா இரு தாயி.

இப்படிக்கு,
அம்மா செல்லத்தாய்,
நாகஜோதி