மூன்றாவது சரணம்

அன்பே என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

டோலிடோவில் உன் அக்கா வீட்டில் குளிர் எப்படி? நான் நம் ஊர்க் கல்லூரியில் பாட்டு எழுதும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. லாரி ஓட்டிக் காய்த்துப்போன கையில் நம் பையனுடைய கிதாரைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

அங்கே ஒரு விதி. பாடி முடித்ததும் மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை என் முறை. வீட்டை விட்டுப் போன மகனோடு இரண்டு வருடம் பேசாமல் இருக்கும் ஓர் அப்பனின் பாட்டு.

சலூனில் வேலை பார்க்கும் டெஸ்ஸா, "ரெண்டு சரணமும் நல்லாருக்கு. ஆனா இந்த ஆளு மேல எரிச்சலா வருது. ஒரு போன் போட்டா முடிஞ்சுபோற விஷயத்துக்கு எதுக்கு இப்படிப் புலம்புறாரு?" என்றாள்.

"பையன் போனை எடுத்துப் பேசுற மாதிரி மூணாவது சரணம் வைங்க," என்றார் ஆசிரியர்.

நாம் நம் பையனை அடக்கம் செய்தது அங்கே யாருக்கும் தெரியாது. நான் விதியை மீறவில்லை.

ஒரு போன் போடு என்று நீயும் அதைத்தானே அப்போது தினமும் சொன்னாய். "அவனே பண்ணட்டும்" என்றேன்.

ஆசிரியர் சொன்னபடி மூன்றாவது சரணத்தை எழுதிவிட்டேன். அப்பன் கூப்பிடுகிறான். மகன் எடுத்து, "அப்பா, இப்ப எந்த ஊர்ல இருக்கே?" என்று கேட்கிறான். வகுப்பில் பாடியதும் எல்லோரும் கைதட்டினார்கள். டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு சரணம்தான். மூன்றாவதை உனக்கு அனுப்ப எனக்கு முகமில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா